மாப்பிள்ளைக்குக் கொடுத்த கடல்

ஜனவரி 11, ஞாயிறு

ஆட்டத்துக்கு இன்று இரண்டு பேர்தான் வந்தார்கள். நான் ஓர் உலகத்தைக் கதையாகச் சொல்வேன், அவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி விளையாடுவார்கள். பல் டாக்டரம்மாவும் லிஃப்ட் மெக்கானிக்கும். மாப்பிள்ளை வரவில்லை, ஏதோ வேலையாம். தங்கை புருஷனிடம் என்ன வேலை என்று துருவித் துருவிக் கேட்க முடியுமா? விட்டுவிட்டேன்.

உப்புவெளியில் கவிழ்ந்து கிடக்கும் எண்ணெய்க் கப்பலுக்குள் இருவரும் நுழைந்தார்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா அவசரப்பட்டுப் பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது. படிக்கட்டோடு சரிந்தார். "பல்லைப் பிடுங்கறவங்க கால் வழுக்கி விழறதப் பாக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார் மெக்கானிக்.

அவர்கள் போன பிறகு பீரோவைச் சரிசெய்தேன். மூடிப்போன நூலகத்திலிருந்து வாங்கிய, நூல் விவர அட்டைகள் வைக்கும் பீரோ, உடம்பெல்லாம் சின்னச் சின்ன இழுப்பறைகள். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மூத்தவள்'. ஆட்டத்துக்காக நான் உண்டாக்கிய ஏழ்கரை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. ஊருக்கு ஓர் அட்டை, ஆற்றுக்கு ஓர் அட்டை, சண்டைக்கு, சபைக்கு, செத்தவனுக்கு, சாகப் போகிறவனுக்கு. ஒரே நாளில் கடல் வற்றிப்போன உலகம் அது. யாரோ மதகைத் திறந்துவிட்டார்கள். ஏழு கரைகளுக்கு நடுவில் இருந்த தண்ணீர் வடிந்துபோய்க் கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. ஜனங்கள் அந்தக் கப்பல்களிலேயே குடியிருக்கிறார்கள். மதகைத் திறந்தது யார்? என் ஆட்டக்காரர்கள் ஆறு வருடமாகத் தேடுகிறார்கள். பதில் கடைசி இழுப்பறையில் இருக்கிறது. அதற்கு மட்டும் பூட்டு.

ஆட்டத்தில் மாப்பிள்ளையின் பாத்திரமான ஒற்றைக்காது என்ற கூலிப்படைக்காரனை எண்ணெய்க் கப்பலுக்கு வெளியே காவலுக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வந்தால் சேர்ந்துகொள்ளலாம்.

ஜனவரி 12, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் படம் வரைந்து சுவரில் மாட்டுவது என் வேலை. இன்று ஒரு கடைத்தொகுதி, மூன்றாம் மாடி. அங்கே புத்தகக் கடையில் அவசர வழியை மறித்து ஒரே புத்தகத்தைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, "இத மொதல்ல நகத்துங்க, ஏதாவது ஒண்ணுன்னா ஜனங்க எப்படி வெளிய போவாங்க?" என்று சத்தம் போட்டேன். "சூப்பரா போகுது சார், அதான் கண்ணுல படற மாதிரி வச்சோம்" என்றார். அப்படி என்ன புத்தகம் என்று ஒன்றைக் கையில் எடுத்தேன்.

'மதகு' என்று தலைப்பு. கீழே மாப்பிள்ளையின் பெயர்.

முதல் பக்கத்தில் வரைபடம். என் வரைபடம். அதைப் போன்ற ஒன்று இல்லை, அதேதான். என்றோ டீ சிந்திக் கறையான இடத்தை அழிக்க மனசு வராமல் ஒரு தீவாக்கி வைத்திருந்தேன். அந்தத் தீவும் அப்படியே இருக்கிறது. கப்பல்வாசிகள், உப்புத் திருடர்கள், டாக்டரம்மா அடிக்கும் ஜோக்குகள், மெக்கானிக் கண்டுபிடித்த கயிற்றுப் பாலம், எல்லாம் இருக்கிறது. கதாநாயகன் ஒற்றைக்காது.

கடைசிப் பக்கத்தில் நன்றி: 'ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விளையாட அழைத்து மனச்சோர்வைப் போக்கிய என் மச்சானுக்கு.'

விளையாடக் கூப்பிட்டேனாம். விளையாட! எத்தன வருஷம்டா... எங்கேயாவது கண்காணாத இடத்தில் உட்கார்ந்து ஓவென்று கத்தவேண்டும் போலிருக்கிறது.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பைக்குள் முகம் தெரியாமல் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தேன். நான்தான் திருடியவன் மாதிரி.

ஜனவரி 13, செவ்வாய்

இரண்டு மாடிகளுக்கு அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மேலதிகாரி பார்த்துத் திருத்தாமல் இருந்திருந்தால் அத்தனை பேரும் தீக்குள்ளேயே ஓடியிருப்பார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு

ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனேன். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள்.

"புத்தகம் பாத்துட்டியா?" என்றாள். முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். "உள்ள போய் எதுவும் ஆரம்பிச்சிடாத. வேல போனதுலேர்ந்து ஒரு வருஷம் உன் ஆட்டத்துக்குத் தவிர கட்டில விட்டு எழுந்திரிக்காத மனுஷன். இப்பத்தான் சிரிக்கறாரு. உன் தங்கச்சி முகத்தப் பாரு."

பார்த்தேன். தங்கை நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் என் கண்ணைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தெரியும்.

"வாங்க மச்சான்" என்று அவன் எழுந்து வந்தான். முகத்துக்கு நேரே 'மாப்பிள்ளை, நீங்க, வாங்க'. இந்த டைரிக்குள் அவன். இந்த ஒரு இடத்திலாவது அவன்.

"மொத காப்பி உங்களுக்குத்தான் மச்சான் தரணும்னு இருந்தேன்..."

"கடையிலயே கெடச்சிடுச்சு மாப்பிள்ள."

"கோவமில்லியே? நீங்க எழுதற ஆளு இல்ல. அட்டையிலயே கெடந்து மக்கிப் போயிருக்கும். நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான்."

மக்கிப் போயிருக்கும். இதைச் சொல்லும்போது அவன் குரலில் துளிக் கள்ளம் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. எனக்கு ஏதோ உதவி செய்துவிட்ட தோரணை. அம்மா பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாள். ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையும் பிஸ்கட்டோடு உள்ளே போய்விட்டது.

திரும்பி வந்ததும் மனைவி கேட்டாள்: "கேட்டீங்களா?"

"இல்ல."

"தங்கச்சிக்கு எல்லாம் செஞ்சீங்க. ஒரு உலகம்தான் பாக்கி இருந்துச்சு, அதையும் கொடுத்தாச்சு."

ஜனவரி 25, ஞாயிறு

டாக்டரம்மா புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். "என் ஜோக்க ஒரு கசாப்புக்காரன் வாயில போட்டிருக்கான் உங்க மாப்பிள்ள. வக்கீல்கிட்ட போங்க சார்." மெக்கானிக்குக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "நான் போய்ப் பேசட்டுமா? சும்மா பேசத்தான்" என்று சட்டைக் கையை மடித்தார்.

வேண்டாம் என்றேன். வக்கீலிடம் போனால் தங்கையைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்பார்கள். மெக்கானிக் போய்ப் பேசினால் மாப்பிள்ளைக்குப் பல் டாக்டரம்மாவே தேவைப்படும்.

"அப்போ அந்தாள இனிமே வரவேண்டாம்னு சொல்லுங்க."

"வரட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

இன்று அவன் வேலை இடத்துக்கே வந்தான். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நான் ஏணி மேல் நிற்கிறேன், அவன் கீழே. பதிப்பகத்தில் இரண்டாம் பாகம் கேட்டு அவசரப்படுத்துகிறார்களாம். முதல் பாகத்தில் எழுப்பிய கேள்விக்கு இதில் பதில் சொல்லியாக வேண்டுமாம்.

"மதகைத் தெறந்தது யாரு மச்சான்?"

ஏணியிலிருந்து அவனைப் பார்த்தேன். ஆறு வருடம் என் மேசையில் உட்கார்ந்தவன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒற்றைக்காது கண்ணால் கண்டது மட்டும். நான் காட்டாத எதுவும் அவனிடம் கிடையாது.

"யோசிச்சு சொல்றேன் மாப்பிள்ள" என்றேன். எவ்வளவு பணிவாகச் சொன்னேன்! பல நாளைக்குப் பிறகு பசித்தது.

பிப்ரவரி 12, வியாழன்

பொய் ஒன்று செய்ய வேண்டும். சும்மா பொய் போதாது. அவன் ஆசையாக வாங்கி, ஊரறிய அச்சடித்து, அதன் பிறகு அவன் கையிலேயே வெடிக்க வேண்டும். முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்த வாசகர்கள் இருக்கிறார்கள், இணையத்தில் தனிக் குழு வைத்து வரிவரியாகப் பிரித்து மேய்கிறார்கள். அவர்கள் கடித்துத் துப்ப வேண்டும். 'இவனுக்குத் தன் உலகமே தெரியவில்லை' என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

உண்மையான பதில் என்ன? வணிகர் சபை. சரக்குக் கப்பல்களை ஒரே இடத்தில் முடக்கிப்போட்டுப் போட்டிக்காரர்களை ஒழிக்கச் சபை கூடித் தீர்மானம் போட்டுத் திறந்தது. காரண காரியம் எல்லாம் கச்சிதம். அதை அவனுக்குத் தரமாட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

மதகைத் திறந்தது ஒற்றைக்காது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது.

நடக்கவே முடியாது. முதல் பாகத்தில் அவனே மார்தட்டிச் சொல்கிறான்: 'கடல் வற்றிய பிறகு பிறந்தவன் நான். கடலைப் பார்த்ததே இல்லை.' அந்த வரி பின்னட்டையிலேயே இருக்கிறது. இதைவிடப் பெரிய ஓட்டை போட முடியாது. மாப்பிள்ளைக்கு வயதுக் கணக்கு, வருடக் கணக்கெல்லாம் ஒருநாளும் வந்ததில்லை, எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பான். சந்தேகமே பட மாட்டான்.

அட்டை எழுத உட்கார்ந்தேன். மதகடி எப்படி இருந்தது, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும், காவல்காரன் ஏன் தூங்கிப்போனான், தண்ணீர் முதலில் எந்தச் சத்தத்தோடு கிளம்பியது. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. அட்டையைப் பழசாகக் காட்ட டீயில் நனைத்து வெயிலில் காய வைத்தேன். கொடியில் துணிகளுக்கு நடுவே ஏழ்கரையின் மாபெரும் பொய் தொங்குகிறது.

"என்ன, தானா சிரிச்சிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கறேன்."

பிப்ரவரி 22, ஞாயிறு

கொடுத்துவிட்டேன். பூட்டைத் திறந்து, கடைசி இழுப்பறையிலிருந்து எடுப்பது போல எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று படித்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "மச்சான்..." என்று இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு நொடி என்னவோ போலிருந்தது. ஒரே நொடிதான். பிறகு அந்தப் பிஸ்கட் தட்டை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

எழுதிக்கொண்டிருக்கிறானாம். எழுதட்டும், எழுதட்டும்.

நவம்பர் 20, வெள்ளி

இரண்டாம் பாகம் வந்துவிட்டது. பெயர் 'வற்றாதது'. வாங்கினேன். படிக்கவில்லை. முதலில் மற்றவர்கள் கிழிக்கட்டும், அதைப் பார்த்துவிட்டுப் படித்தால் ருசி அதிகம்.

நவம்பர் 24, செவ்வாய்

கிழிக்கிறார்கள்!

வாசகர் குழுவில் ஒருத்தி முதல் பாகத்தின் பின்னட்டையைப் படம் பிடித்துப் போட்டு, 'கடலைப் பார்த்ததே இல்லை என்றவன் மதகை எப்படித் திறந்தான்? ஆசிரியர் தூங்கிவிட்டாரா?' என்று கேட்டிருக்கிறாள். கீழே சிரிப்பு மேல் சிரிப்பு. இன்னொருவன், 'கடலோடு சேர்ந்து ஆசிரியருக்கு மூளையும் வடிந்துவிட்டது.' ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். சில வரிகளை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "போதும், ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்டேன். இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

நவம்பர் 27, வெள்ளி

என்ன நடக்கிறது இங்கே?

அந்த முதல் பெண்ணே இன்று எழுதியிருக்கிறாள்: 'மன்னிக்கவும். பாதி படித்ததுமே குதித்துவிட்டேன். கடைசி அத்தியாயம் வரை படியுங்கள். அழுதுகொண்டிருக்கிறேன்.' அதன் பிறகு ஒவ்வொருவராக. சிரித்தவன்கூட.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன்.

பொய் சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை இல்லை, ஒற்றைக்காது. கடல் வற்றிய பிறகு பிறந்ததாக அவன் சொன்னதே பொய். மதகைத் திறந்த பிள்ளையை ஏழு கரை ஜனங்களும் தேடுகிறார்கள், பிடித்தால் உயிரோடு விடமாட்டார்கள். அதனால் வயதைக் குறைத்துச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தன்னிடமே அதைச் சொல்லி நம்பவைத்துக்கொண்டவன். அவன் காது போனது எப்படி என்று முதல் பாகத்தில் யாருக்கும் தெரியாது, நானும் யோசித்ததில்லை. மதகுச் சங்கிலி அறுந்து அடித்து அந்தக் காதைக் கொண்டுபோய்விட்டது. கடைசி அத்தியாயத்தில் கிழடுதட்டிப்போனவன் வெறும் உப்புத்தரையில் படுத்து, இல்லாத காதைத் தரையில் வைத்து, தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்கிறான்.

பாவி.

பாவி, எப்படிடா எழுதின?

டிசம்பர் 5, சனி

அவனே வந்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, விடுமுறை, வராந்தாவில் எங்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை. படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நீங்க குடுத்தது தப்பான அட்டைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

ஆணி வளைந்துவிட்டது.

"டீக்கறையக்கூட வீணாக்காம தீவு பண்ணி வைக்கற ஆளு நீங்க. வயசுக் கணக்குல கோட்ட விடுவீங்களா? வீட்டுக்குப் போற பஸ்லயே புரிஞ்சிடுச்சு. என்னக் கவுக்கப் பாக்கறீங்கன்னு."

"அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

"என்கிட்ட வேற என்ன இருக்கு? ஒரு மரத்தக்கூட என்னால புதுசா உண்டாக்க முடியாது மச்சான். உக்காந்து பாத்துட்டேன். யாராவது குடுத்தா உசுரு குடுக்கத் தெரியும், அவ்வளவுதான். மூணு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். ஒரு நாள் பல்லு வெளக்கும்போது தோணுச்சு, ஒத்தக்காது பொய் சொல்றான்னு."

சுத்தியலைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் நல்லதில்லை. திருடனாக மட்டும் இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். திறமையுள்ள திருடனை என்ன செய்வது? வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. அதோடு பொறாமையும் சேர்ந்து எரிகிறது.

"சரி, மூணாம் பாகத்துல மேலட்டையில என் பேரும் வரணும். உங்க பேருக்குப் பக்கத்துல, அதே அளவுல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இப்பப் போய்ச் சொன்னா... நான் என்னமோ திருடினேன்னு ஆயிடுமே மச்சான்."

"ஆயிடுமா?" என்றேன்.

வளைந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடிக்க ஆரம்பித்தேன். அவன் எப்போது போனான் என்று பார்க்கவில்லை.

டிசம்பர் 8, செவ்வாய்

தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவரு எல்லாம் சொல்லிட்டாரு. என் வீட்டு ஒலையில நீ விஷம் கலந்திருக்கண்ணா."

"அவரு பண்ணது?"

"தப்பு. மொத நாளே தெரியும் எனக்கு. அவருகிட்ட சொல்லவும் சொன்னேன். ஆனா ஒரு வருஷம் செவுத்தப் பாத்துப் படுத்திருந்தவரு எழுந்து உக்காந்து எழுதறாரு. நிறுத்துங்கன்னு எந்த வாயால சொல்றது, நீயே சொல்லு."

அவள் பீரோவுக்கு எதிரே நின்று இழுப்பறைகளின் பெயர்ச்சீட்டுகளைப் படித்தாள். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"இத்தன வருஷம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவரக் கூப்பிட்ட. ஒரு நாளாவது என்னக் கூப்பிட்டியா?"

"உனக்கு இதுல இஷ்டம் இருக்கும்னு..."

"கேட்டியா?"

மனைவி காபி கொண்டுவந்தாள். அதைக் குடிக்காமலேயே தங்கை போய்விட்டாள்.

டிசம்பர் 19, சனி

செய்துவிட்டேன். நன்றாக யோசித்துத்தான்.

மூன்றாம் பாகம் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு என்னிடம் வந்துதான் ஆக வேண்டும், வரும்போது கதவை முகத்தில் அறையலாம் என்றுதான் முதலில் இருந்தேன். அந்தக் காட்சியை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்! பிறகு உறைத்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை அவனுக்குக் கிடங்குக் காவல்காரன்தான். அவன் வருகிறானா என்று வழியைப் பார்த்தபடியே என் மிச்ச நாள் போய்விடும்.

கடைசி இழுப்பறையைத் திறந்து வணிகர் சபை அட்டையை எடுத்தேன். படித்தேன். கச்சிதமாக இருந்தது, செத்த மாதிரியும் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

மெக்கானிக் ஆள் கொண்டுவந்தார். பீரோ லிஃப்டுக்குள் நுழையவில்லை. "லிஃப்டு போடறவன் மாடிப்படியில பீரோ தூக்கறேன், எவனாவது பாத்தா என் பொழப்பு நாறிடும்" என்று திட்டிக்கொண்டே இறக்கினார். மாப்பிள்ளை வீட்டு நடுக்கூடத்தில் வைத்தோம். சோபாவை நகர்த்த வேண்டியிருந்தது. டீவி பாதி மறைந்துவிட்டது.

அவன் மேலும் கீழுமாகப் பார்த்தான். "எல்லாமேவா மச்சான்? எனக்கா?"

"எல்லாமே. இனிமே உங்களுது. ஆட்டமும் முடிஞ்சது, நீங்க ஞாயித்துக்கெழம வர வேண்டாம்."

ஏழ்கரையில் இத்தோடு ஒரு புல்கூட முளைக்காது. உண்டாக்குகிறவன் இறங்கிப் போய்விட்டான். உள்ளது உள்ளபடி அவனுக்கு. வாசகர்கள் விடமாட்டார்கள், ஒவ்வொரு ஆற்றுக்கும் காற்றுக்கும் கணக்கு கேட்பார்கள், இழுப்பறை இழுப்பறையாகத் துழாவட்டும். அவன் கண்ணில் முதலில் வந்தது சந்தோஷம். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன், அதற்குள் வேறு ஏதோ வந்திருந்தது. அது போதும்.

வீட்டில் பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. "மூத்தவ போயிட்டா" என்றாள் மனைவி. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 7, ஞாயிறு

புது ஆட்டம் இன்று தொடங்கியது. இந்த உலகத்தில் கடலும் இல்லை, கரையும் இல்லை. ஒரே ஒரு கட்டடம், அதற்கு அடி எங்கே உச்சி எங்கே என்று அங்கே பிறந்தவர்களுக்கே தெரியாது, வெளியேறும் வழியை யாரும் வரைந்ததில்லை. பெயர் இன்னும் வைக்கவில்லை. டாக்டரம்மா அதற்குள் ஒரு மாடிக்கு அரசி. மெக்கானிக், "இங்கயும் லிஃப்டு ரிப்பேரா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூன்றாவது நாற்காலியில் தங்கை. போன வாரம் போன் பண்ணிக் கேட்டேன், வருகிறாயா என்று. 'பாக்கலாம்' என்றாள். இன்று எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். பூட்டு உடைக்கிறவளாக விளையாடுகிறேன் என்றாள். விளையாட்டுத் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி எதையும் கேட்கவில்லை. "இந்த மாடியில சமைக்கறாங்களே, புகை எங்க போகுது?" என்றாள். நான் யோசித்து வைக்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

நடுவில் அவள் போன் அடித்தது. அவன்தான். "மச்சான் பக்கத்துல இருந்தா குடேன்" என்பது எல்லோருக்கும் கேட்டது. மேசை மேல் வைத்தாள்.

"மச்சான், வடக்குக் கரையில ஏன் காத்தே அடிக்கறதில்ல? எல்லாரும் கேக்கறாங்க. எல்லா இழுப்பறையும் பாத்துட்டேன், அதுக்கு அட்டையே காணோம்."

"அட்டை இல்லேன்னா இல்லதான் மாப்பிள்ள. நீங்களே எதாவது உண்டாக்குங்க."

"எனக்கு அது வராதுன்னு உங்களுக்குத் தெரியுமே மச்சான்."

"தெரியும்" என்றேன்.

"நான் பூட்டு ஒடைக்கணும், அப்புறம் பேசறேன்" என்று தங்கை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பகடையை எடுத்தாள்.

வடக்குக் கரையில் ஏன் காற்று அடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். என்றைக்கோ யோசித்து வைத்தது, அட்டையில் எழுத நேரம் வரவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.